கட்டியவர்களே ஓட்டிய ரயில்: கொங்கண் ரயில்வே கழகம் – ஒரு நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலியிலிருந்து தாதர் செல்லும் ரயிலில் ஏறி மங்களூரைக் கடந்துவிட்டால், பெட்டியில் பாதிப் பேர் கடல் தெரியும் பக்கத்து ஜன்னலுக்கு நகர்ந்துவிடுவார்கள். கழிமுகங்களும் தென்னந்தோப்புகளும் நீளமான பாலங்களும் அங்கேதான் இருக்கின்றன. மறுபக்க ஜன்னலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். ரயிலை உரசுவதுபோல மலைச்சரிவு வந்து போகும். அதன்மேல் இரும்புக் கம்பி வலை போர்த்தியிருக்கும். சில இடங்களில் சரிவு படிப்படியாகச் செதுக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் சிமென்ட் கலவை பூசி, நீர் வடிய இடைவெளி விட்டுக் குழாய் செருகியிருப்பார்கள்.

கொங்கண் ரயில்வே கழகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பாலங்களிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் இந்த வலைகளிலிருந்து தொடங்குகிறேன். ரயில் பாதை போடும் நிறுவனங்கள் நம் நாட்டில் பல உண்டு. அவை பாதையைப் போட்டு, ரயில்வேயிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். இந்த ஒரு நிறுவனம், தான் கட்டிய பாதையைத் தானே ஓட்டியது. தான் வெட்டிய சரிவு மழையில் இடிந்தால், அதன் விலையையும் தானே கொடுத்தது. அதனுடைய திறமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் பதில் அந்த இரண்டாவது பாதிக் கதையில்தான் இருக்கிறது.

ஒரு தடத்துக்காகப் பிறந்த நிறுவனம்

மும்பைக்கும் மங்களூருக்கும் இடையே நேர்வழி ரயில் கிடையாது என்பது 1998 வரை நிலவிய உண்மை. மேற்குத் தொடர்ச்சி மலை ஒருபக்கம், அரபிக்கடல் மறுபக்கம். நடுவில் உள்ள கொங்கண் என்னும் குறுகிய நிலத்தை நூற்றுக்கணக்கான ஆறுகளும் ஓடைகளும் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. மங்களூரிலிருந்து மும்பைக்கு ரயிலில் போக வேண்டுமானால் மலையைச் சுற்றிக்கொண்டு 2,041 கிலோமீட்டர் போக வேண்டும். கொங்கண் பாதை வந்த பிறகு அது 914 கிலோமீட்டர் ஆயிற்று.

மும்பையின் பஞ்சாலைகளில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் கொங்கண் கிராமத்துக்காரர்கள். விநாயகர் சதுர்த்திக்கு ஊருக்குப் போக, மலைச்சாலையில் இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கிப் போனவர்கள் அவர்கள். அவர்களுக்காக நாடாளுமன்றத்தில் பேசிப் பேசி ஓய்ந்தவர் ராஜாபூர் தொகுதி உறுப்பினர் நாத் பை. அவருக்குப் பிறகு அதே தொகுதியிலிருந்து வந்த மது தண்டவதே, 1977-ல் ரயில்வே அமைச்சரானார். இரண்டாம் வகுப்புப் பெட்டியின் வெறும் மரப்பலகைப் படுக்கைக்கு மெத்தை போட்டவர் அவர்தான். ஆனாலும் அந்தப் பதவிக் காலத்தில் கொங்கண் பாதையை முழுமையாகத் தொடங்க அவரால் முடியவில்லை. மும்பைப் பக்கத்திலிருந்து வந்த தண்டவாளம் 1986-ல் மகாராஷ்டிரத்தின் ரோஹா வரை வந்து நின்றது.

1989 இறுதியில் காலம் ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. வி.பி. சிங் அமைச்சரவையில் தண்டவதே நிதியமைச்சர். மங்களூரில் பிறந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் ரயில்வே அமைச்சர். பணப்பெட்டியின் சாவியும் தண்டவாளத்தின் சாவியும் கடற்கரையின் இரு முனைக்காரர்களிடம் இருந்தன. எனினும் ரயில்வே பட்ஜெட்டிலிருந்து ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினால் இந்த வேலை பல தலைமுறைக்கு இழுக்கும் என்பது இருவருக்கும் தெரிந்தது. அதனால் தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1990 ஜூலை 19 அன்று கொங்கண் ரயில்வே கார்ப்பரேஷன் பதிவு பெற்றது. பங்கில் 51 சதவீதம் ரயில்வே அமைச்சகத்துடையது. மகாராஷ்டிரம் 22, கர்நாடகம் 15, கோவாவும் கேரளமும் தலா 6. மீதித் தேவைக்குக் கடன் பத்திரங்கள் வெளியிட்டுச் சந்தையிலிருந்து பணம் திரட்டினார்கள். ‘கட்டு, ஓட்டு, பிறகு ஒப்படை’ என்பதுதான் ஏற்பாடு. பாதையில் ஒரு கிலோமீட்டர்கூடப் போகாத கேரளம் பங்கு போட்டதற்குக் காரணம், மும்பையிலிருந்து கொச்சிக்கான தூரத்தில் 513 கிலோமீட்டர் குறைந்ததுதான்.

தலைவராகவும் நிர்வாக இயக்குநராகவும் வந்தவர், அப்போதுதான் ரயில்வே வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற ஈ. ஸ்ரீதரன். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் மீட்டுக் கொடுத்தவர் என்று நாம் அறிந்த அதே ஸ்ரீதரன்.

ஏழு துண்டுகள்

1990 செப்டம்பர் 15-ல் ரோஹாவில் அடிக்கல் நாட்டினார்கள். ரோஹாவிலிருந்து மங்களூர் வரை உள்ள ஏறத்தாழ 760 கிலோமீட்டரை, சராசரியாக நூறு கிலோமீட்டர் வீதம் ஏழு பிரிவுகளாக ஸ்ரீதரன் பிரித்தார். மகாட், ரத்னகிரி வடக்கு, ரத்னகிரி தெற்கு, குடால், பனாஜி, கார்வார், உடுப்பி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமைப் பொறியாளர். அவருக்குத் தன் எல்லைக்குள் ஒப்பந்தம் கொடுக்கவும், வடிவமைப்பில் மாற்றம் செய்யவும் அதிகாரம் இருந்தது. தலைமையகத்துக்குக் கோப்பு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இளம் பொறியாளர்கள் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் தடத்தைக் குறித்தார்கள். ஏறத்தாழ 42,000 பேரிடமிருந்து நிலம் பெற வேண்டியிருந்தது. நிலம் கொடுத்தவர்களில் பலர் சில சென்ட் நிலமும் நாலு மாமரமும் மட்டுமே உடையவர்கள். ஒப்பந்ததாரர் பில் கொடுத்தால் பெரும்பகுதித் தொகையை உடனே கொடுத்துவிட்டு, சரிபார்த்தலைப் பிறகு வைத்துக்கொள்வது நிறுவனத்தின் வழக்கமாயிற்று. அரசு வேலையில் பணம் எப்போது வரும் என்று தெரியாமல் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் எந்தச் சிறு ஒப்பந்ததாரரைக் கேட்டாலும் சொல்வார், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று. தாமதத்துக்குக் காரணம் தேடும்போது நாம் இயந்திரத்தையும் தொழிலாளியையும் பார்க்கிறோம். பணம் போய்ச்சேரும் வேகத்தைப் பார்ப்பதில்லை.

தடத்தின் தரத்தில் ஸ்ரீதரன் விட்டுக்கொடுக்கவில்லை. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ற வடிவமைப்பு, வளைவுகளின் ஆரம் 1,250 மீட்டருக்குக் குறையக் கூடாது, ஏற்றம் 150-க்கு 1-ஐ மிஞ்சக் கூடாது. மலையும் ஆறும் இருக்கும் நிலத்தில் இப்படி நேராகவும் சமமாகவும் ஓட வேண்டும் என்றால் மலையைக் குடைய வேண்டும், பள்ளத்தைப் பாலத்தால் தாண்ட வேண்டும், மேட்டை ஆழமாக வெட்ட வேண்டும். 90-க்கும் மேற்பட்ட சுரங்கங்களும் ஏறத்தாழ 2,000 பாலங்களும் வந்த கணக்கு இதுதான். இந்த முடிவைத் துணிச்சல் என்று பாராட்டுகிறவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் மூன்றாவதாகச் சொன்ன ஆழமான வெட்டுகளை யாரும் அப்போது கணக்கில் பெரிதாக எடுக்கவில்லை.

பாறை இடம் கொடுத்தது, மண் கொடுக்கவில்லை

ரத்னகிரிக்கு அருகில் உள்ள பன்வல் நதிப் பாலத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். நீளம் 424 மீட்டர்தான். ஆனால் மிக உயர்ந்த தூண் 64 மீட்டர். அத்தனை ஆழமான பள்ளத்தாக்கில் கீழிருந்து சாரம் கட்டி மேல்தளத்தை வார்ப்பது ஆகாத காரியம். எனவே பள்ளத்தாக்கின் ஒரு கரையில், பாலத்தின் பின்புறத்தில் ஒரு வார்ப்புக் களம் அமைத்தார்கள். அங்கே கான்கிரீட் பெட்டி போன்ற தளத்தின் ஒரு துண்டை வார்ப்பார்கள். அது இறுகியதும் ஹைட்ராலிக் ஜாக்கியால் முன்னே தள்ளுவார்கள். காலியான இடத்தில் அடுத்த துண்டை, முந்தையதோடு ஒட்டி வார்ப்பார்கள். மறுபடி தள்ளுவார்கள். தளத்தின் முனையில் எஃகாலான ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். தளத்தின் முழு எடையும் அந்தரத்தில் தொங்காமல், அந்த மூக்கு முதலில் அடுத்த தூணை எட்டிப் பிடித்துக்கொள்ளும். தூண்களின் தலையில் வழுக்கும் பட்டைகள். இப்படி ஒரு முழுப் பாலமும் ஒரு கரையில் பிறந்து மறுகரை வரை நகர்ந்து போனது. இந்த முறையில் இந்தியாவில் கட்டிய முதல் பாலம் இது.

கர்புடே சுரங்கமும் இதே வகையான வெற்றி. 6.5 கிலோமீட்டர் நீளம். 2013-ல் காஷ்மீரத்தின் பீர் பாஞ்சால் சுரங்கம் திறக்கும் வரை இந்தியாவின் மிக நீண்ட ரயில் சுரங்கம் இதுதான். எரிமலைக் குழம்பு இறுகிய கெட்டிப் பாறை அது. ஸ்வீடனிலிருந்து வந்த துளைக் கருவிகளால் துளையிட்டு, வெடி வைத்து, இடிபாட்டை அள்ளி முன்னேறலாம். கடினம்தான், ஆனால் பாறை வெட்டிய இடத்தில் நிற்கும்.

தெற்கே போகப் போக நிலம் மாறிவிடுகிறது. கோவாவிலும் வட கர்நாடகக் கரையிலும் மேலே செம்புரைக்கல், அதன் அடியில் குழைந்த களிமண். வெயில் பட்ட செம்புரை வீடு கட்டும் கல்லாக இறுகும். அடியில் உள்ள மண்ணோ நீர் கோத்தால் தயிர்போல வழியும். இத்தகைய மண்ணில் ஒன்பது சுரங்கங்கள் குடைய வேண்டியிருந்தது. பெரிய இயந்திரங்களுக்கு அங்கே வேலையில்லை. மேற்புறத்திலிருந்து கையால் கொஞ்சம் வெட்டி, உடனே எஃகு வளையம் கொடுத்து முட்டுக் கட்டி, மறுபடி கொஞ்சம் வெட்ட வேண்டும். முதல் நாள் வெட்டியது மறுநாள் காலையில் நிரம்பிக் கிடக்கும். கோவாவின் வட எல்லையில் உள்ள பெர்னெம் சுரங்கம் வெறும் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். 6.5 கிலோமீட்டர் கர்புடே முடிந்த பிறகும் அது முடியவில்லை. முழுப் பாதையும் தயாராக இருந்தும் கடைசியாகத் தடுத்து நின்றது அதுதான். இந்தச் சுரங்கங்களிலும் பாலங்களிலும் உயிர்விட்டவர்களுக்கு ரத்னகிரி நிலையத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் ஒரு நிமிடம் அங்கே நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கோவாவில் மண் மட்டும் எதிர்க்கவில்லை. கடல்நீர் புகாமல் கரை கட்டிக் காத்துவரும் ‘கஸான்’ வயல்களைப் பாதையின் மண்கரை குறுக்கே அறுத்துவிடும் என்றும், பழைய கோவாவின் தேவாலயங்களுக்கு அதிர்வு ஆபத்து என்றும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். தடத்தை உள்நாட்டுப் பக்கம் தள்ளக் கோரினார்கள். 1993-ல் மத்திய அரசு கோவாவில் வேலையை நிறுத்தி, நீதிபதி ஓஸா ஆணையத்தை அமைத்தது. கடைசியில் பெரும்பாலும் பழைய தடமே நிலைத்தது. போராடியவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று ஒதுக்கிப் பேசியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நீர் வடியும் வழியைத் தடுக்காதே என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம். நிறுவனம் பின்னாளில் தன் பாதை முழுவதும் கற்றுக்கொண்டதும் அதையேதான்.

1993 மார்ச்சில் மங்களூர்–உடுப்பி இடையே முதல் பயணிகள் ரயில் ஓடியது. துண்டு துண்டாகத் திறந்து, 1998 ஜனவரி 26 அன்று முழுப் பாதையிலும் ரயில் ஓடியது. செலவு ரூ.3,500 கோடிக்கு மேல். அதில் வட்டியின் பங்கு பெரியது.

இரண்டு ஜூன் மாதங்கள்

2003 ஜூன் 22 இரவு. கோடை விடுமுறை முடிந்து மும்பை திரும்புகிறவர்களுக்காக விட்ட சிறப்பு ரயில், வைபவ்வாடி அருகே பாதையில் சரிந்து கிடந்த பாறைகளில் மோதியது. இன்ஜினும் பெட்டிகளும் தடம் புரண்டன. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறு ஆண்டு, 2004 ஜூன் 16. மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் மகாட் அருகே அம்பவலியில் இதேபோல் பாறையில் மோதி, பெட்டிகள் பாலத்திலிருந்து விழுந்தன. மறுபடியும் உயிர்கள் போயின.

இரண்டு விபத்தும் மழை தொடங்கிய முதல் வாரங்களில் நடந்தவை. இரண்டிலும் பாலம் இடியவில்லை, சுரங்கம் சரியவில்லை. வெட்டிய மலைச்சரிவுதான் கீழே வந்தது. கொங்கணில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, அதுவும் பெரும்பகுதி நான்கே மாதங்களில். அங்குள்ள மேல்மண்ணில் பெரும் உருண்டைக் கற்கள் களிமண்ணுக்குள் புதைந்து கிடக்கும், களியில் வைத்த முந்திரிபோல. வெட்டும்போது அவை பத்திரமாகத்தான் தெரியும். நான்கைந்து மழைக்காலம் சுற்றியுள்ள களியைக் கரைத்துவிட்டால், கல் தன் எடையாலேயே கழன்று விழும். சரிவைச் செங்குத்தாக வெட்டினால் நிலம் குறைவாகப் போதும், மண்வேலை குறையும், காலமும் மிச்சம். அந்த மிச்சத்தை மழை திருப்பிக் கேட்டது. இது என் தீர்ப்பு. வேகத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதன் பிறகு நிறுவனம் செய்தவற்றைத்தான் அதன் உண்மையான சாதனையாக நான் கருதுகிறேன். செங்குத்தான வெட்டுகளைச் சாய்த்துப் படி படியாக்கினார்கள். தளர்ந்த கற்களை இறக்கினார்கள். மீதிக்கு எஃகு வலை போர்த்தினார்கள், பாறையில் நீளமான கம்பிகளை ஆணிபோல் இறக்கினார்கள். சரிவின் உச்சியில் நீர் தடுக்கும் வாய்க்கால் வெட்டினார்கள். மண்ணைப் பிடிக்க வெட்டிவேர் நட்டார்கள். நம் ஊர்ப் பாட்டிமார் பானைத் தண்ணீரில் போடும் அதே வெட்டிவேர்தான். வேர் ஆளுயரத்துக்கும் மேல் நேராகக் கீழே இறங்கி மண்ணைக் கட்டிப்போடும். ‘ரக்ஷா தாகா’ என்ற பெயரில், அதாவது காப்புக் கயிறு, வெட்டுகளின் ஓரமாகக் கம்பி கட்டி, கல் விழுந்து அது இழுபட்டால் சிவப்பு எச்சரிக்கை எரியும்படி செய்தார்கள்.

தானே பதிவு செய்யும் மழைமானிகள், ஆற்றுப் பாலங்களில் வெள்ளம் ஏறினால் சொல்லும் கருவிகள், பன்வல், மாண்டவி, ஜுவாரி, சராவதி பாலங்களில் காற்றுமானிகள் என்று நிறுவனத்தின் மழைக்காலம் ஒரு தனி நிர்வாகமாகவே ஆகிவிட்டது. ஆண்டுதோறும் ஜூன் மாதம் தனிக் கால அட்டவணை வரும். ரயில்களின் வேகம் குறையும். மழை கொட்டிப் பார்வை மங்கினால் மணிக்கு 40 கிலோமீட்டர்தான். கருவிகளை மட்டும் நம்பிவிடவில்லை என்பது எனக்குப் பிடித்த அம்சம். 600-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் மழைக்காலம் முழுவதும் இரவு பகலாகப் பாதையில் ரோந்து போகிறார்கள். உடம்பில் மழைக்கோட்டு, கையில் விளக்கு, தோளில் ரயிலை நிறுத்தத் தண்டவாளத்தில் வைக்கும் வெடி சிக்னல்கள் கொண்ட பை. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் அவசரத் தொலைபேசி இணைப்பு உண்டு. சரிவில் ஒரு புது ஈரக்கோடு தெரிந்தால்கூட அவர்கள் நின்று பார்ப்பார்கள்.

தொழிலை மீறிய முயற்சிகள்

கடன் சுமையில் இருந்த நிறுவனம் வருமானத்துக்குப் பல கதவுகளைத் தட்டியது. 1999 ஜனவரி 26-ல், மகாராஷ்டிரத்தின் கோலாட்டிலிருந்து கோவாவின் வெர்னா வரை 417 கிலோமீட்டருக்குச் சரக்கு லாரிகளைத் தட்டை வேகன்களில் ஏற்றிச் செல்லும் சேவையைத் தொடங்கியது. டிரைவரும் கிளீனரும் தங்கள் லாரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க, வண்டி ரயில்மேல் போகும். டீசலும் டயரும் மிச்சம், மலைச்சாலைக்கும் நெரிசல் குறைவு. எளிய யோசனை, நிலைத்துவிட்டது.

பி. ராஜாராம் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் ரயில்கள் மோதாமல் தடுக்கும் கருவியை நிறுவனமே உருவாக்கியது. தூண்கள்மேல் போட்ட தண்டவாளத்துக்குக் கீழே தொங்கி ஓடும் ‘ஸ்கைபஸ்’ கோவாவின் மட்காவ் நகரில் சோதனைக்கு வந்தது. 2004 செப்டம்பரில் சோதனை ஓட்டத்தில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். திட்டம் பிறகு எழவே இல்லை, பத்து ஆண்டுகளுக்குள் தூண்களையும் இடித்துவிட்டார்கள். மலைச்சரிவு இன்னும் அடங்காத அதே ஆண்டில் இதற்கு ஆளும் கவனமும் செலவானது வருத்தத்துக்குரியது.

செனாப் கரையில்

ஜம்மு காஷ்மீரத்தில் உதம்பூர்–ஸ்ரீநகர்–பாராமுல்லா பாதையின் மிகக் கடினமான துண்டு கத்ராவுக்கு வடக்கே வருகிறது. அதில் ஒரு பகுதி கொங்கண் ரயில்வேயிடம் வந்தது. இளம் இமயமலை அது. பாறை அடுக்குகள் நொறுங்கியும் மடிந்தும் கிடக்கும். ரியாசி மாவட்டத்தில் செனாப் ஆற்றின்மேல் 359 மீட்டர் உயரத்தில், 1,315 மீட்டர் நீளத்தில், 467 மீட்டர் அகல வளைவோடு ஒரு பாலம். ஒப்பந்தம் 2004-ல் அப்கான்ஸ் என்ற கட்டுமான நிறுவனத்தின் தலைமையிலான கூட்டமைப்புக்குப் போனது. 2008-ல் வேலை நின்றது, தடத்தை மறு ஆய்வு செய்தார்கள், பிறகு தொடர்ந்தது. தில்லி உயர் நீதிமன்றம் ஸ்ரீதரன் தலைமையில் அமைத்த குழு இந்தத் தடத் தேர்வையே குறைகூறியது. தான் வளர்த்த நிறுவனத்தின் மிகப் பெரிய வேலையை நிறுவனத்தின் முதல் தலைவரே ஏற்கவில்லை என்பதை இந்த ஆய்வில் மறைக்கக் கூடாது.

ஆயினும் பாலம் எழுந்தது. ஆற்றின் இரு கரையிலும் கோபுரம் நிறுத்தி, 915 மீட்டர் இடைவெளியில் இழுத்துக் கட்டிய கம்பிவடக் கிரேன் எஃகுத் துண்டுகளை அந்தரத்தில் கொண்டுபோனது. இரு கரையிலிருந்தும் வளர்ந்த வளைவு 2021 ஏப்ரலில் நடுவில் சேர்ந்தது. எல்லோரும் அந்த வளைவைப் பார்த்தார்கள். அதன் கால் ஊன்றிய சரிவைப் பார்த்தவர்கள் குறைவு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ஜி. மாதவி லதா பல ஆண்டுகள் அந்தச் சரிவின் நிலைத்தன்மைக்காக உழைத்தார். தோண்டும்போது வெளிப்படும் பாறையின் தன்மைக்கு ஏற்ப, முன்பே வரைந்த வரைபடத்தைப் பிடித்துக்கொள்ளாமல், அங்கங்கே வடிவமைப்பைத் திருத்திக்கொண்டே போனார்கள். நீளமான எஃகுக் கம்பிகளைச் சரிவுக்குள் இறக்கிப் பாறையைத் தைத்தார்கள். வைபவ்வாடியில் உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் இங்கே பாலத்தின் அடித்தளத்துக்கு முன்னால் வந்து நின்றது.

அதற்குத் தெற்கே அஞ்சி ஆற்றில் வளைவுக்குச் சரிவு இடம் கொடுக்கவில்லை. எனவே ஒரே கோபுரம், 96 வடங்கள், 725 மீட்டர் நீளம் என்று இந்தியாவின் முதல் வடம் தாங்கும் ரயில் பாலம் வந்தது. இரண்டு பாலங்களையும் 2025 ஜூன் 6 அன்று திறந்தார்கள்.

பெர்னெம் மறுபடியும்

நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் அதன் பாலங்களைப்போல் நிமிர்ந்து நின்றதில்லை. ஒற்றைப் பாதையில் ரயில்களை ஓர் அளவுக்கு மேல் கூட்ட முடியாது. ரோஹாவிலிருந்து வீர் வரையிலான 46 கிலோமீட்டருக்கு மட்டும் 2021-ல் இரட்டைப் பாதை வந்தது. 2022-ல் முழுப் பாதையும் மின்மயமானது. மீதியை இரட்டையாக்கும் பணம் நிறுவனத்திடம் இல்லை. இந்திய ரயில்வேயோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சு நெடுநாளாக நடந்து, 2025 மே மாதம் மகாராஷ்டிர அரசும் ஒப்புக்கொண்டது, ‘கொங்கண் ரயில்வே’ என்ற பெயர் மாறக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பெயர் இருக்கட்டும். எனக்கு வேறொரு கவலை. 2020 ஆகஸ்டில் பெர்னெம் சுரங்கத்தின் சுவர் சில மீட்டருக்கு இடிந்து விழுந்தது, ரயில்கள் வேறு வழியில் போயின. 2024 ஜூலையில் அதே சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு சேறும் நீரும் பொங்கி, போக்குவரத்து மறுபடி நின்றது. குடைந்த காலத்தில் எந்த இடத்தில் எந்த மண் வழிந்தது, எத்தனை முறை நிரம்பியது என்று அறிந்தவர்கள் நிறுவனத்துக்குள் இருந்ததால்தான் அதைத் திரும்பத் திறக்க நாட்கணக்கில், வாரக்கணக்கில் முடிந்தது. அவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இணைப்பு நடக்கும் நாளில் பங்குப் பத்திரங்களோடு, ஒவ்வொரு வெட்டுக்கும் எழுதிவைத்த சரிவுப் பதிவேடுகளும் புதிய மேசைக்குப் போய்ச்சேர வேண்டும். அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் கூடவே போக வேண்டும்.